கடப்பா கல் ஊரில் இரண்டு ராத்திரி

உங்கள் வீட்டுச் சமையல் மேடைக்கு என்ன கல் போட்டிருக்கிறீர்கள்? இப்போது எங்கு பார்த்தாலும் கிரானைட் வந்துவிட்டது. ஆனாலும் மேடைக்குக் கீழே தட்டுக்கு, அலமாரித் தடுப்புக்கு, துணி துவைக்கும் இடத்துக்கு என்று எங்காவது ஒரு கறுப்புக் கடப்பா கல் இல்லாத வீடு நம் பக்கத்தில் அபூர்வம். அரிசி டின்னும் ஊறுகாய் ஜாடியும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கும். தினம் துடைக்கிறோம், பாத்திரத்தை நங்கென்று வைக்கிறோம். அது எந்தச் சீமைக் கல், பூமிக்குள் எப்படிக் கிடந்தது என்று யார் யோசிக்கிறோம்?

அந்தக் கல் கிடைக்கும் சீமையில், பாறைகளுக்கு நடுவே கூடாரம் போட்டு, 2024 டிசம்பர் கடைசி வாரத்தில் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வந்தோம். மாமியார் முதல் கைக்குழந்தை வரை எட்டுப் பேர். கைத்தறிக் குடும்பத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று தெருவில் சிலர் கேட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

ஊரின் பெயர் கண்டிகோட்டா. ஆந்திராவில் கடப்பா மாவட்டம், ஜம்மலமடுகு என்ற ஊரிலிருந்து பதினைந்து கிலோமீட்டர். தெலுங்கில் ‘கண்டி’ என்றால் மலையிடுக்கு, ‘கோட்டா’ என்றால் கோட்டை. எர்ரமலைக் குன்றுகளை அங்கே பெண்ணாறு நெடுக அறுத்துக்கொண்டு போகிறது. சுமார் முந்நூறு அடி ஆழத்துக்கு இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறைச் சுவர். ‘இந்தியாவின் கிராண்ட் கேன்யன்’ என்று விளம்பரம் செய்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கிற அசல் கிராண்ட் கேன்யன் ஒரு மைல் ஆழமாம். அதனால் என்ன, எட்டிப் பார்த்தால் அடிவயிறு கலங்குவதற்கு முந்நூறு அடி தாராளமாகப் போதும்! பாலைவனம் என்று அந்தச் சீமையைச் சொல்ல முடியாது. ஆனால் வறட்சிக்குப் பேர் போனது. பக்கத்து அனந்தபூர் மாவட்டத்தை, ராஜஸ்தானின் ஜெய்சல்மேருக்கு அடுத்தபடி மழை குறைந்த இடம் என்று சொல்வார்கள். முள்செடி, காய்ந்த புல், பாறை, மேலே வானம். அவ்வளவுதான் காட்சி.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். கூடத்திலேயே குழித்தறி. என் கணவர் பதினாலு வயதில் தறிக்குழியில் கால் விட்டவர்; இப்போது நாற்பத்தொன்பது. கோர்வைப் புடவை என்றால் ஒரு பக்கக் கரைக்கு நாடா தள்ள இன்னொரு கை வேண்டும். அந்தக் கை என்னுடையது. இரண்டு வருஷமாக இவருக்குக் கழுத்து வலி. விரல் மரத்துப் போகிறது, ராத்திரி திரும்பிப் படுக்க முடியவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, “குனிஞ்ச கழுத்து, ஒரு அடி தூரத்துலயே கண்ணு. மணிக்கு ஒரு தரம் எழுந்து நடங்க. கொஞ்சம் தூரமா பாருங்க” என்றார். இவர் சொன்ன பதில்: “தூரத்துல பார்க்க எங்க வீட்ல எதிர்ச்சுவர்தான் சார் இருக்கு!”

இன்னொரு வலியும் வீட்டில் இருந்தது. அதற்கு மாத்திரை கிடையாது. பையன் பிளஸ் ஒன் படிக்கிறான். பத்தாவது முடித்த லீவில் இவர் அவனைத் தறியில் உட்காரச் சொன்னார். அவன் மாட்டேன் என்றான். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதற்கப்புறம் ஆறு மாதமாக அப்பாவும் பிள்ளையும் சேர்ந்தாற்போல் சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்காரவில்லை. “அப்பாகிட்ட சொல்லும்மா”, “உன் பிள்ளைகிட்ட சொல்லி வை” என்று இரண்டு பக்கமும் தபால் பட்டுவாடா செய்துகொண்டிருந்தேன் நான். மூன்று அறை வீட்டில் இரண்டு பேர் பேசாமல் இருந்தால் வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கண்டிகோட்டா பேச்சை எடுத்தது பையன்தான். கூடப் படிக்கிற பையன் வீட்டில் போய் வந்தார்களாம். எட்டாவது படிக்கும் மகள் உடனே கட்சி சேர்ந்தாள். “பாறையில போய்ப் படுத்துக்க வேனுக்கு வாடகை குடுக்கணுமா?” என்றார் இவர். அந்த நேரத்தில் வாய் திறந்தது என் மாமியார். எழுபத்தொரு வயது. எங்கள் வீட்டில் அத்தை பேசுவது தெலுங்கு. எங்கள் தெருவில் அப்படிப் பல வீடுகள் உண்டு. எந்தக் காலத்திலோ ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். “நான் பேசற பேச்சு நிஜமா எங்கயாவது ஊர் பூரா பேசறாங்களான்னு ஒரு தடவை பார்த்துட்டு வரேனே” என்றார். அம்மா பேச்சுக்கு இவரிடம் மறுபேச்சு கிடையாது. கொழுந்தனாரும், என் ஓரகத்தியும், அவர்களுடைய ஒன்றே முக்கால் வயதுப் பெண் குழந்தையும் சேர்ந்தார்கள்.

காலமும் ஒத்துவந்தது. மார்கழியில் கல்யாணம் கிடையாது, அவசர ஆர்டரும் கிடையாது. ஒரு பாவில் மூன்று புடவை. மூன்றாவதையும் அறுத்துச் சங்கத்தில் கொடுத்துவிட்டோம். புதுப் பாவை இழை இழையாக முடிச்சுப் போட்டு இணைப்பதற்கு முன் மூன்று நாள் தறி சும்மா இருந்தால் குடி முழுகிவிடாது. பிள்ளைகளுக்கும் அரைப் பரீட்சை லீவு. செலவு என்று பார்த்தால் வேன் வாடகை, டெண்ட் வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்து, நெருங்கின உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வரும் செலவுதான் ஆயிற்று. என் சீட்டுப் பணம் கைகொடுத்தது. வேன் வேண்டாம் என்பவர்கள் அரக்கோணத்தில் ரயில் ஏறினால் கடப்பா தாண்டி எர்ரகுண்ட்லாவிலோ முத்தனூரிலோ இறங்கலாம்.

முதலில் தண்ணீர், பிறகுதான் மற்றது

இந்த மாதிரி இடத்துக்குக் கிளம்பும்போது புடவை எத்தனை எடுத்துக்கொள்ளலாம் என்று யோசிப்பதற்கு முன் தண்ணீர்க் கணக்குப் போடுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க மட்டும் நாலு லிட்டர் என்று வைத்தேன். எட்டுப் பேருக்கு முப்பத்திரண்டு, இரண்டு நாளைக்கு அறுபத்துநாலு. இருபது லிட்டர் கேன் நான்கு வேனில் ஏற்றினோம். கொழுந்தனார் சிரித்தார். வறண்ட காற்றில் வியர்வை தெரியாமலே காய்ந்துவிடும். வியர்க்கவே இல்லையே, எனக்கு எதற்குத் தண்ணீர் என்று தோன்றும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அரை மணிக்கு ஒரு தரம் நாலு வாய் குடிக்க வேண்டும். சிறுநீர் மஞ்சள் கறுத்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

சாப்பாட்டுக்கு நம் ஊர் இட்லிதான். வரதராஜப் பெருமாளுக்கு நைவேத்தியமாகும் அதே காஞ்சிபுரம் இட்லி: மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மந்தாரை இலையில் வைத்து நன்றாக நேரம் எடுத்து வேகவைத்தது. குளிர் நாளில் இரண்டு நாள் தாங்கும். அதற்கு எண்ணெய் குழைத்த மிளகாய்ப் பொடி. முதல் நாள் மத்தியானத்துக்குப் புளிசாதம். தேங்காய்ச் சட்னி, தேங்காய் அரைத்த கூட்டு எதுவும் வேன் ஏறக்கூடாது. நாலு மணி நேரத்தில் ஊசிப்போகும். வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை உருண்டை, எலுமிச்சம்பழம், உப்பு, வெல்லம். குழந்தைக்குத் தனியாகக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் தெர்மாஸில்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். ஸ்டவ் எடுத்துப் போகவில்லை. “டீ போட மட்டும் சின்ன ஸ்டவ்” என்று ஆரம்பிப்பார்கள். அப்புறம் டீக்கு ஒரு பாத்திரம், பாத்திரம் கழுவ ஒரு வாளி, கழுவ ஓரகத்தி, துடைக்க நான். வீட்டுச் சமையலறையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாறை மேல் வைப்பதற்கு எதற்கு முந்நூறு கிலோமீட்டர்? மேலும் அங்கே காய்ந்த புல்லும் காற்றும் அதிகம். ஒரு பொறி பறந்தால் போதும். சாப்பாட்டை உள்ளூரில் சொல்லி வாங்கிக்கொண்டோம்.

பெண்கள் புறப்படுவதற்கு முன் கேட்டே ஆகவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கக்கூஸ் எங்கே? ஆண்கள் இதைக் கேட்க மாட்டார்கள். டெண்ட் வாடகைக்கு விடுகிறவருக்கு நானே போன் செய்தேன். தண்ணீர் வசதியுள்ள கழிப்பறை இருக்கிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, விளக்கு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் சரி என்றேன். அதில் திருப்தியில்லாதவர்கள் அங்கேயே இருக்கும் ஆந்திர சுற்றுலாத் துறையின் ஹரிதா ஓட்டலில் அறை எடுத்துக்கொண்டு, சாயங்காலமும் விடியற்காலையும் பாறைக்குப் போகலாம். வயதுப் பெண் உள்ள வீட்டில் நாப்கினும், உபயோகித்ததைப் பொதிந்து திரும்பக் கொண்டுவரக் காகிதப் பைகளும் அவசியம். அந்த இடத்தில் குப்பைக்காரர் வரமாட்டார். நாம் போட்ட பிளாஸ்டிக் ஆற்றில்தான் போய் விழும்.

படுக்கைக்கு: ராத்திரி குளிர் மேலேயிருந்து வருவதைவிடக் கீழேயிருந்து அதிகம் வரும். தார்ப்பாய், அதன் மேல் கோரைப்பாய், அதன் மேல் பழைய பருத்திப் புடவைகளை மடித்துத் தைத்த மெத்தை விரிப்பு. போர்வை ஒன்று குறைந்தாலும் அடிவிரிப்பு குறையக்கூடாது.

பாறை விளிம்பில்

விடியற்காலை மூன்றரைக்குக் கிளம்பி, திருத்தணி, ரேணிகுண்டா, ராஜம்பேட்டை, கடப்பா வழியாகப் போய்ச் சேரும்போது பிற்பகல் மூன்று. நடுவில் நின்று நின்று போனோம். அத்தைக்கு முழங்கால் மடக்கியே வைத்திருந்தால் பிடித்துக்கொள்ளும்.

கோட்டைக்குள்ளே இன்றைக்கும் ஒரு சிறு கிராமம் இருக்கிறது. மாதவராயர் கோவில் கோபுரம், ரங்கநாதர் கோவில், பெரிய மசூதி, தானியக் களஞ்சியம் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில். கோல்கொண்டாத் தளபதி மீர் ஜும்லா பிடித்த கோட்டை இது. தவர்னியே என்ற பிரெஞ்சு ரத்தின வியாபாரி 1652-ல் அவரைப் பார்க்க இங்கே வந்து எழுதிவைத்திருக்கிறாராம். சரித்திரம் இவ்வளவு போதும். மசூதியைத் தாண்டி, சரிந்து கிடக்கும் பாறைகளில் கைபிடித்து ஏறினால் திடீரென்று தரை முடிந்துவிடுகிறது. கீழே, வெகு கீழே, பச்சைத் தண்ணீர்.

ஒரு எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன். விளிம்பில் கம்பி, கைப்பிடிச்சுவர் எதுவும் கிடையாது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போகவே கூடாது. நம் கால் தெரியாது. எங்கள் குழந்தையை முறைவைத்துப் பின்னாலேயே ஒருவர் வைத்திருந்தோம். பிள்ளைகளிடம் “விளிம்புக்குப் பத்தடி முன்னாலேயே உட்கார்ந்துவிட வேண்டும், நின்றபடி போன் எடுக்கக் கூடாது” என்று வேனிலேயே சத்தியம் வாங்கியாயிற்று.

எதிர்ச்சுவரைப் பார்த்தபடி இவர் உட்கார்ந்தார். அடுக்கு அடுக்காகப் பாறை; செம்மண் நிறம், அரக்கு, சாம்பல், நடுவில் மஞ்சள். யாரோ கையால் அடுக்கினாற்போல் அத்தனை ஒழுங்கு. “சங்கத்துல புடவையை மடிச்சு அடுக்கி வெச்ச மாதிரி இருக்கும்மா” என்றார். அதற்கப்புறம் அரை மணி நேரம் பேசவில்லை. கழுத்து நிமிர்ந்திருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டெண்ட் போடும்போது ஒரு வேடிக்கை. தரை முழுக்கப் பாறை; முளை இறங்கவில்லை. டெண்ட்காரப் பையன்கள் கயிற்றைக் கல்லில் சுற்றிச் சுற்றி வைத்தார்கள், காற்றில் அவிழ்ந்து அவிழ்ந்து வந்தது. இவர் எழுந்து போய்க் கயிற்றைக் கையில் வாங்கினார். பாவை இழுத்துக் கட்டி முப்பத்தைந்து வருஷப் பழக்கம் அல்லவா! எவ்வளவு இழுக்க வேண்டும், எங்கே தளர்த்த வேண்டும் என்று அந்த விரல்களுக்குத் தெரியும். அவர் போட்ட முடிச்சு இரண்டு ராத்திரிக் காற்றுக்கும் அசையவில்லை. பையன் முடிச்சைக் குனிந்து பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை.

ராத்திரி வானத்தைப் பற்றி எப்படி எழுதுவது? அமாவாசைக்குச் சில நாளே இருந்தது. சுற்றிலும் விளக்கு இல்லை. மேற்கே சுக்கிரன் விளக்கு மாதிரி எரிந்துகொண்டிருந்தது. உச்சிப்பக்கம் குரு. அந்த வருஷம் மே மாதம் ரிஷபத்துக்குக் குருப் பெயர்ச்சி என்று பலன் படித்துப் பரிகாரம் செய்தோமே, அந்தக் குருவேதான், நிஜமாகவே ரிஷபத்தில் நின்றுகொண்டிருந்தது! பக்கத்தில் செக்கச் செவேலென்று ஒரு நட்சத்திரத்தைப் பையன் காட்டினான். “ஆயா, அதான் ரோகிணி.” அத்தை கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “எழுபது வருஷமா அர்ச்சனைக்கு ரோகிணி நட்சத்திரம்னு சொல்லிக்கிட்டிருக்கேன். இன்னிக்குத்தான்டா நேர்ல பார்க்கறேன்” என்றார். குளிரில் உள்ளே வரவே மறுத்துவிட்டார்.

படுக்கும்முன் டெண்டின் ஜிப்பை முழுக்க மூடவேண்டும். செருப்பை உள்ளேயே வைத்து, காலையில் உதறிவிட்டுப் போடவேண்டும். பாறை இடுக்கில் தேள் இருக்கும். ராத்திரி வெளியே போனால் டார்ச் இல்லாமல் கால் வைக்கக் கூடாது. கல்லைப் புரட்டுவது, இடுக்கில் கை விடுவது கூடாது. பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், வாயால் உறிஞ்சாமல், கடிபட்ட இடத்தை ஆட்டாமல் நேரே அரசு ஆஸ்பத்திரிக்கு. 108 ஆந்திராவிலும் உண்டு.

குழந்தைக்கு வயிறு போனது

இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்குள் குழந்தைக்கு மூன்று தரம் தண்ணீராகப் போய்விட்டது. ஓரகத்தி அழ ஆரம்பித்துவிட்டாள். “அக்கா, பேசாம ஊருக்குப் போயிடலாம்.” ஊர் ஒன்பது மணி நேரம்! கொழுந்தனார் ஓடிப்போய் ஒரு கலர் பாட்டில் வாங்கிவந்தார். கலர், சோடா, பெட்டியில் வரும் ஜூஸ் எதுவும் இந்த நேரத்தில் கொடுக்கக் கூடாது. அதிலுள்ள சர்க்கரை, குடலில் இன்னும் தண்ணீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும்.

பையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஐந்து வைத்திருந்தேன். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில், ஒரு லிட்டர் என்றால் ஒரு லிட்டரேதான், முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். பாதி பாதியாகப் பிரித்துக் குத்துமதிப்பாகப் போடக்கூடாது. பாக்கெட் கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு தரம் போன பிறகும் கால் டம்ளர் முதல் அரை டம்ளர் வரை, ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, இன்னும் மெதுவாக ஆரம்பிக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. சோற்றையும் நிறுத்த வேண்டாம். வயிற்றைக் காயப்போடும் வழக்கம் நம் பாட்டிமார்களோடு போகட்டும்.

நான் ஓரகத்தியிடம் பார்க்கச் சொன்னது இவை: அழும்போது கண்ணீர் வருகிறதா, நாக்கு ஈரமாக இருக்கிறதா, ஆறு மணி நேரத்துக்குள் மூத்திரம் போனாளா, கண் குழி விழுந்திருக்கிறதா, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே சமமாகிறதா. மலத்தில் ரத்தம், குடிக்க முடியாத அளவு சோர்வு, எழுப்பினால் எழாத தூக்கம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கஷாயம், மந்திரம் என்று நேரம் கடத்தாமல் ஆஸ்பத்திரி.

குழந்தை நன்றாகவே அழுதாள், கண்ணீரோடு. இருந்தாலும் முதல் பெண். தாய் மனசு கேட்குமா? ஜம்மலமடுகு அரசு மருத்துவமனைக்கு வேனில் கூட்டிப்போனோம். அங்கே பேசியது அத்தைதான். டாக்டரம்மா பார்த்துவிட்டு, நீர் வற்றவில்லை, ஓ.ஆர்.எஸ். தொடருங்கள் என்று சொல்லித் துத்தநாக மருந்து எழுதிக்கொடுத்தார். பதினாலு நாள் விடாமல் கொடுக்கச் சொன்னார். போக்கு நின்றுவிட்டாலும் நிறுத்தக்கூடாதாம். சாயங்காலம் குழந்தை இட்லியை உதிர்த்து மோரில் பிசைந்து தின்றாள். ஓரகத்தி என் மடியில் தலைவைத்துத் தூங்கியே போனாள்.

பதினோரு மணியிலிருந்து மூன்று மணிவரை டிசம்பரிலும் அந்தப் பாறை சுடுகிறது. மேலே வெயில், கீழே அனல். அந்த நேரம் முழுக்க மாதவராயர் கோவில் மண்டப நிழலில் இருந்தோம். எங்களுக்குச் சாப்பாடு தந்த கிராமத்து அம்மாள் அங்கேயே கொண்டுவந்தார். சோள ரொட்டி, வேர்க்கடலைத் துவையல், கூடவே ராகி சங்கட்டி. “இது நம்ம கேழ்வரகுக் களிதானே!” என்றார் அத்தை. அவர் ‘மஞ்சி நீள்ளு’ கேட்டதும் அந்த அம்மாளுக்குச் சிரிப்புத் தாளவில்லை. தெலுங்குதான், ஆனால் அரவத் தெலுங்கு என்றாராம். தமிழை அங்கே அரவம் என்கிறார்கள். அத்தை கொஞ்சமும் சளைக்காமல், “முன்னூறு வருஷமா மறக்காம வெச்சிருக்கோமே, அதைச் சொல்லு” என்று தெலுங்கிலேயே திருப்பிக் கொடுத்தார். முன்னூறு என்ற கணக்கு அவருடையது! மாலைவரை இரண்டு பேரும் மருமகள்களைப் பற்றித்தான் பேசினார்கள் என்பது எனக்குப் பாதி புரிந்தது.

இரண்டாம் ராத்திரி குழந்தை தூங்கின பிறகும் எனக்குத் தூக்கம் வரவில்லை. வெளியே இவரும் பையனும் உட்கார்ந்திருந்தார்கள். பையன்தான் பேசிக்கொண்டிருந்தான். இந்தப் பாறையெல்லாம் நூறு கோடி வருஷத்துக்கும் முன்னால் தண்ணீருக்கடியில் மணலாகப் படிந்தது. மீன், மரம், செடி எதுவும் பிறக்காத காலம். நம் கைலாசநாதர் கோவில் மணற்கல் இருக்கிறதே, அந்த மாதிரிக் கல்லே இன்னும் இறுகிக் கெட்டிப்பட்டால் இதுதான். அதனால்தான் ராஜசிம்மன் கட்டி ஆயிரத்து முந்நூறு வருஷத்தில் கோவில் கல் கரைகிறது. இது இன்னும் இப்படி நிற்கிறது.

“இதுக்கெல்லாம் தனியா படிப்பு இருக்கா?”

“இருக்குப்பா. ஜியாலஜி. மெட்ராஸ்ல பிரசிடென்சி காலேஜ்லயே இருக்கு.”

“எத்தனை வருஷம்?”

“மூணு.”

கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம்தான் கேட்டது. அப்புறம் பையன், “லீவு நாள்ல கோர்வைக்கு நாடா தள்றேம்பா. அம்மாவுக்குப் பதிலா. குழியில உட்காரச் சொல்லாத” என்றான்.

இவர் உடனே பதில் சொல்லவில்லை. “அந்த முடிச்சு எப்படிப் போட்டேன்னு பார்த்தியா? கயிறைக் குடு” என்று மட்டும் கேட்டது. நான் போர்வையை இழுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் விடியலில் கிளம்பி, அறுபது கிலோமீட்டரிலுள்ள பெலும் குகைகளையும் பார்த்தோம். சமவெளியில் வயலுக்கு நடுவே தரையில் ஓட்டை. படியிறங்கினால் அடியில் ஊரே இருக்கிறது. மொத்தம் 3,229 மீட்டர் நீளம். 2002-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். 1884-ல் இதைப் பற்றி எழுதிவைத்த வெள்ளைக்காரர் ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863-ல் நம் பல்லாவரத்தில் ஆதிமனிதனின் கல்லாயுதத்தைக் கண்டெடுத்த அதே மனிதர்தான். உள்ளே புழுக்கம் அதிகம். மூச்சிரைப்பு உள்ளவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் தவிர்ப்பது நல்லது. அத்தையும் ஓரகத்தியும் மேலேயே இருந்தார்கள்.

அங்கேதான் கடப்பா கல்லின் ரகசியம் தெரிந்தது. அது சுண்ணாம்புக்கல் ஜாதி. மழைத்தண்ணீரில் கலந்திருக்கும் லேசான அமிலம் லட்சக்கணக்கான வருஷம் ஊறி ஊறிக் கரைத்த வழிதான் அந்தக் குகை. நம் வீட்டுக் கடப்பா தட்டில் புளிக்கரைசலோ எலுமிச்சம்பழச் சாறோ சிந்தினால் பளபளப்புப் போய் வெளுத்த திட்டு விழுகிறதே, அதுவும் இதே வேலைதான். ஆகையால் கடப்பா கல்லைப் புளி போட்டோ வினிகர் விட்டோ தேய்க்காதீர்கள். சோப்புத் தண்ணீரில் துடைத்து, காய்ந்த பிறகு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் கறுப்பு நிற்கும்.

போக நினைப்பவர்களுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் காலம். மார்ச் பிறந்துவிட்டால் அந்தப் பக்கம் வெயில் நாம் நினைக்கிற வெயில் அல்ல. மழை நாளில் பாறை வழுக்கும்.

பையன் இப்போது பிளஸ் டூ. இவருக்குக் கழுத்து வலி போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் மணிக்கு ஒரு தரம் தறியை விட்டு எழுந்து தெருமுனைவரை நடக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கோர்வைக்கு நாடா தள்ளுவது நான் இல்லை. அன்று எனக்கு லீவு. அத்தை புது யோசனை ஒன்று கிளப்பியிருக்கிறார். பெண்ணாறு எங்கே பிறக்கிறது என்று பேரனைக் கேட்டாராம். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் என்றானாம். தென்பெண்ணையும், நம் பாலாறும்கூட அங்கேயிருந்துதான் வருகிறதாம். “பாலாத்துல மணலைத்தான் பார்த்துக்கிட்டிருக்கோம். தண்ணி புறப்படற இடத்தை ஒரு தரம் பார்த்துட்டு வந்துடலாம்” என்கிறார். இவர் இந்தப் பாவு எப்போது முடியும் என்று காலண்டரைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.